டிஜிட்டல் ஸ்க்ராப்புக்கிங்: முதல் பக்கம் செய்வதற்கு முன்னும் பின்னும்

புதுவிரல்
காகிதம், பசை, கத்தரிக்கோல் எதுவும் இல்லாமல் கணினியிலேயே ஸ்க்ராப்புக் பக்கங்கள் (படங்களும் குறிப்புகளும் சேர்த்து அலங்கரித்த நினைவுப் பக்கங்கள்) செய்யத் தொடங்க என்னென்ன வேண்டும்? பக்கத்தை எந்த அளவில் வைப்பது, எந்த மென்பொருள் போதும், கிட் என்று சொல்கிறார்களே அதில் என்ன இருக்கும்? பின்னாளில் அச்சடித்து ஆல்பமாக்க வேண்டும். அதற்குத் தகுந்தபடி ஆரம்பத்திலிருந்தே சரியாகச் செய்ய விருப்பம்.

நிழல்நேசன்
பக்க அளவிலிருந்து தொடங்குங்கள். இதில் தவறினால் பின்னால் செய்யும் எந்த வேலையும் அச்சுக்கு உதவாது.

12×12 அங்குலம், 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு). அதாவது 3600×3600 பிக்சல். காகித ஸ்க்ராப்புக் ஆல்பங்களின் அளவு அப்படியே கணினிக்கும் வந்துவிட்டது. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கிட்களும் டெம்ப்ளேட்களும் இந்த அளவுக்கே செய்யப்படுகின்றன. 8×8 ஆல்பம்தான் அச்சடிக்கப் போகிறீர்கள் என்றாலும் 12×12-லேயே செய்யுங்கள். பெரியதைச் சிறியதாக்கலாம், தரம் குறையாது. சிறியதைப் பெரிதாக்கினால் மங்கும்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்: 12×12 அங்குலம் என்று கொடுத்துவிட்டு, பிபிஐ கட்டத்தில் 72 இருப்பதைக் கவனிக்க மாட்டார்கள். அப்போது பக்கம் வெறும் 864 பிக்சல்தான். கிட்டிலிருந்து தாளை இழுத்துப் போட்டதும் அது பக்கத்தைத் தாண்டி நாலு பக்கமும் வழியும். "தாள் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?" என்று கேட்டால், தாள் சரியாகத்தான் இருக்கிறது, பக்கம்தான் சிறியது. முடித்த பிறகு 300-க்கு மாற்றினாலும் இழந்த நுணுக்கம் திரும்பாது. புதிய கோப்பு திறந்ததும் பிக்சல் எண்ணை ஒருமுறை பாருங்கள், 3600 என்று இருக்க வேண்டும்.

கிட் என்பது ஒரே நிறக் குடும்பத்தில் செய்த பொருள்களின் தொகுப்பு. அதில் தாள்கள் ஜேபெக் கோப்புகளாக இருக்கும். பூ, ரிப்பன், பொத்தான், சட்டகம், ஸ்டேப்பிள் போன்ற எலிமெண்ட்கள் பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்புகளாக இருக்கும். தலைப்புக்கான எழுத்து வரிசைக்கு ஆல்ஃபா என்று பெயர். டெம்ப்ளேட் வேறு. எங்கே படம், எங்கே தாள், எங்கே தலைப்பு என்று சாம்பல் நிற வடிவங்களால் அமைத்து வைத்த, லேயர்கள் (ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தனித்தனி அடுக்குகள்) பிரித்த பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்பின் கோப்பு வகை) அல்லது டிஃப் கோப்பு அது.

கத்தரிக்கோல்
மென்பொருள் பற்றிச் சொல்கிறேன். லேயர், லேயர் மாஸ்க் (லேயரின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைப்பது), க்ளிப்பிங் (மேல் லேயரைக் கீழ் லேயரின் வடிவத்துக்குள் அடக்குவது), சரிசெய்யக்கூடிய டிராப் ஷேடோ (பொருளின் கீழ் விழும் நிழல்), பிஎஸ்டி திறக்கும் வசதி ஆகிய ஐந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோட்டோஷாப், ஃபோட்டோஷாப் எலிமெண்ட்ஸ், அஃபினிட்டி மூன்றிலும் உண்டு. இலவசமாக வேண்டுமென்றால் கிம்ப், க்ரிட்டா. எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால் உலாவியிலேயே ஓடும் ஃபோட்டோபியா. அது ஃபோட்டோஷாப்பை ஒத்த மெனுக்களோடு பிஎஸ்டி கோப்பைத் திறக்கும்.

கேன்வா என்ற இணைய வடிவமைப்புத் தளத்திலும் 3600×3600 பிக்சல் என்று அளவு கொடுத்துச் செய்யலாம். ஆனால் காகிதம் போன்ற தோற்றத்துக்கு ஒவ்வொரு பொருளின் நிழலையும் தனித்தனியாக வடிக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுக்கு லேயர் மென்பொருளே வசதி.

நினைவகம்: 3600×3600 அளவில் முழு லேயர் ஒன்று ஏறத்தாழ 52 எம்பி எடுக்கும் (1,29,60,000 பிக்சல், ஒன்றுக்கு 4 பைட்). இருபது முழு லேயர் சேர்ந்தால் 1 ஜிபி தாண்டும், செயல்தவிர் (அன்டூ) வரலாறு தனி. 8 ஜிபி ராம் கொண்டு சமாளிக்கலாம், 16 இருந்தால் நிம்மதி. கணினி திணறினால் முதலில் உலாவியை மூடுங்கள்.

மழைத்துளி27
டெம்ப்ளேட்டில் படத்தைப் பொருத்தும்போது படம் பக்கம் முழுக்கப் பரவி நிற்கிறது. சாம்பல் கட்டத்துக்குள் போக மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

கத்தரிக்கோல்
அதற்குத்தான் க்ளிப்பிங். மென்பொருளுக்கு மென்பொருள் வழி வேறு.

ஃபோட்டோஷாப், ஃபோட்டோபியா: லேயர் பட்டியலில் சாம்பல் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு நேர் மேலே படத்தை வையுங்கள். படத்தின் லேயர் தேர்வில் இருக்க, கன்ட்ரோல் + ஆல்ட் + ஜி. இடையில் வேறு லேயர் ஒன்று புகுந்தால் படம் அந்த லேயரின் வடிவத்துக்கு வெட்டப்படும். பத்தில் ஒன்பது குழப்பம் இதனால்தான். க்ளிப் செய்ததும் படம் முழுதாக மறைந்துவிட்டால் அழிந்துபோனது என்று பதற வேண்டாம். படம் கட்டத்துக்கு மேலே இல்லாமல் பக்கத்தின் வேறு மூலையில் கிடக்கிறது. மூவ் கருவியால் இழுத்து வந்தால் தெரியும்.

அஃபினிட்டி: படத்தின் லேயரை இழுத்து, சாம்பல் லேயரின் பெயர் மீது விடுங்கள். சிறுபடத்தின் மீது விட்டால் க்ளிப்புக்குப் பதிலாக மாஸ்க் ஆகிவிடும்.

கிம்ப்: சாம்பல் லேயர் மீது வலது சொடுக்கி 'ஆல்ஃபா டு செலக்‌ஷன்' (இங்கே ஆல்ஃபா என்பது கிட்டின் எழுத்து வரிசை அல்ல, லேயரின் ஒளிபுகும் தன்மை). பிறகு படத்தின் லேயருக்குப் போய் 'ஆட் லேயர் மாஸ்க்', அதில் 'செலக்‌ஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. படத்தை நகர்த்தினால் மாஸ்க்கும் கூடவே நகரும். அதனால் படத்தை முதலில் சரியான இடத்தில், சரியான அளவில் வைத்துவிட்டுப் பிறகு மாஸ்க் போடுங்கள்.

க்ரிட்டா: 'இன்ஹெரிட் ஆல்ஃபா' பொத்தான். அது கீழே உள்ள எல்லா லேயர்களின் வடிவத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். பின்னணித் தாளும் கீழே இருந்தால் வெட்டே தெரியாது. ஆகவே சாம்பல் லேயரையும் படத்தையும் தனி க்ரூப்புக்குள் போட்ட பிறகே அழுத்த வேண்டும்.

இன்னொன்று, டெம்ப்ளேட்டைத் திறந்த கையோடு வேறு பெயரில் சேமியுங்கள். மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிட்டால் அடுத்த பக்கத்துக்கு டெம்ப்ளேட் இருக்காது.

பழுப்புத்தாள்
படங்களின் தரத்தை யாரும் தொடவில்லையே. 4×6 அங்குலக் கட்டத்துக்கு 300 பிபிஐ-யில் 1200×1800 பிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் கேமரா படம் 4000×3000 இருக்கும், அதைப் பக்கம் முழுக்கப் பரப்பினாலும் கிட்டத்தட்டப் போதும். சிக்கல் தருவது வாட்ஸ்அப் வழியாக வந்த படம். சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவில் வந்து நிற்கும். 300 பிபிஐ-யில் அது 5.3 அங்குலம்தான் தாங்கும். மூலப் படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

பழைய அச்சுப் படங்களை ஸ்கேன் செய்யும்போது 4×6 அளவுக்கு 600 பிபிஐ வையுங்கள். 2400×3600 கிடைக்கும், ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுக்கவும் இடமிருக்கும். 35 மிமீ நெகடிவுக்கு 600 எந்த மூலைக்கும் போதாது, 3200 வேண்டும். முதல் பிரதியை டிஃப் ஆக வைத்துக்கொள்ளுங்கள். ஜேபெக்கைத் திறந்து திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் கழியும்.

நிழல்நேசன்
பழுப்புத்தாள் சொன்னதோடு ஒரு சேர்க்கை. நிறம், வெளிச்சம் எல்லாவற்றையும் பக்கத்துக்குள் கொண்டுவருவதற்கு முன்பே திருத்திவிடுங்கள். ஒரே நிகழ்வின் ஐந்து படங்களில் ஒன்று குழல்விளக்கில் பச்சையாகவும் இன்னொன்று மஞ்சளாகவும் இருந்தால், எந்தத் தாளும் அவற்றோடு ஒட்டாது. வெள்ளைச் சமநிலைத் (ஒயிட் பேலன்ஸ்) திருத்தத்தால் சரிப்படாதவற்றை ஐந்தையும் சேர்த்துக் கருப்பு வெள்ளையாக்கிவிடுவது நல்ல தீர்வு.

இனி நிழல். இந்தக் கலையில் பாதி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. விலை உயர்ந்த கிட்டும் தட்டையான நிழலில் ஸ்டிக்கர் போலத் தெரியும். எளிய தாளும் சரியான நிழலில் கையால் தொடலாம் போலிருக்கும்.

ஒளி ஒரே திசையிலிருந்து வர வேண்டும். ஃபோட்டோஷாப்பில் 'க்ளோபல் லைட்' 120 டிகிரி வைத்தால் ஒளி இடது மேல்புறம், நிழல் வலது கீழ்ப்புறம். பக்கம் முழுக்க அதுவே. அடுத்தது, பொருள் தாளிலிருந்து எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று யோசியுங்கள். 3600 பிக்சல் பக்கத்துக்கு நான் பரிந்துரைக்கும் தொடக்க அளவுகள் இவை. ஒட்டிய தாளுக்கு டிஸ்டன்ஸ் (நிழல் விலகும் தூரம்) 5, சைஸ் (நிழல் மங்கிப் பரவும் அளவு) 8. புகைப்படத்துக்கு 10, 14. மடிப்புள்ள ரிப்பனுக்கு 14, 20. பெரிய பூவுக்கு 25, 30. நூலுக்கு 4, 5. ஸ்டேப்பிளுக்கு 2, 3. ஒபாசிட்டி (அடர்த்தி) 35 முதல் 50 விழுக்காடு, பிளெண்ட் மோட் (கீழுள்ள லேயரோடு கலக்கும் முறை) மல்டிப்ளை (கீழுள்ளதை இருட்டாக்கும் வகை). நிறம் சுத்தக் கருப்பு வேண்டாம். பின்னணித் தாளின் நிறத்தையே மிக அடர்த்தியாக்கி எடுங்கள். பழுப்புத் தாளின் மேல் அடர் காப்பி நிற நிழல் இயல்பாக அமரும், கருப்பு அழுக்குப் போலத் தெரியும்.

வண்ணத் தெறிப்பு, முத்திரை மை, தாளில் நேரடியாக எழுதியது போன்ற எழுத்து ஆகியவற்றுக்கு நிழலே கூடாது. மை தாளில் ஊறும், மேலே மிதக்காது. அவற்றுக்கு மல்டிப்ளை மட்டும்.

மழைத்துளி27
க்ளிப்பிங் வந்துவிட்டது, நன்றி. ஆனால் படத்துக்கு நிழல் கொடுத்தால் ஒன்றுமே தெரியவில்லை.

கத்தரிக்கோல்
நிழலைப் படத்தின் லேயருக்குக் கொடுத்திருப்பீர்கள். க்ளிப் செய்த படம் வெட்டப்பட்டிருக்கிறது, அதன் நிழலும் சேர்ந்து வெட்டுப்படும். கீழே இருக்கும் சாம்பல் கட்டத்தின் லேயருக்குக் கொடுங்கள்.

வண்ணக்கலவை
மேற்கோள், நிழல்நேசன்: "சரியான நிழலில் கையால் தொடலாம் போலிருக்கும்."

இதற்கு எண் மட்டும் போதாது நண்பரே. லேயர் ஸ்டைல் (மென்பொருள் தானாகப் போடும்) நிழல் எல்லா விளிம்பிலும் ஒரே கனத்தில் விழும். நிஜத் தாள் அப்படி இருக்காது. நடுவில் ஒட்டியிருக்கும், மூலை லேசாகத் தூக்கியிருக்கும். அதனால் நிழலைத் தனி லேயராகப் பிரியுங்கள்: ஃபோட்டோஷாப்பில் லேயர் மெனு, 'லேயர் ஸ்டைல்', 'கிரியேட் லேயர்'. பிறகு அந்த நிழல் லேயரில் மட்டும் 'வார்ப்' (வளைக்கும் கருவி) எடுத்து, வலது கீழ் மூலையைச் சற்றே வெளியே இழுங்கள். பத்துப் பதினைந்து பிக்சல் போதும். இழுத்த மூலையில் லேசாக காஸியன் ப்ளர் (மங்கலாக்கும் ஃபில்டர்) கொடுத்தால், மூலை உயர உயர நிழல் மங்குவது போல வரும். கிம்ப் 2.10-ல் 'டிராப் ஷேடோ (லெகசி)' நிழலைத் தனி லேயராகவே தரும். அதே மெனுவில் உள்ள புதிய டிராப் ஷேடோ அந்தப் பொருளோடு நிழலைச் சேர்த்து உருக்கிவிடும். பிறகு வளைக்க முடியாது.

இன்னும் இரண்டு இடங்களில் காகிதத் தோற்றம் கெடுகிறது. ஒன்று, பொருளின் நிஜ அளவு. அரை அங்குலப் பொத்தான் இந்தப் பக்கத்தில் 150 பிக்சல். அதை 600-க்கு வைத்தால் தட்டு அளவு பொத்தான் ஆகிவிடும், கண் உடனே நம்ப மறுக்கும். கிட்டில் வரும் அளவிலேயே வையுங்கள், பெரிதாக்க வேண்டாம். இரண்டு, தாளைச் சுருக்குவது. 12 அங்குலத் தாளைப் பாதியாகச் சுருக்கிப் படத்துக்குப் பின்னால் வைத்தால் அதன் நார், மடிப்பு எல்லாம் பாதியாகச் சுருங்கி, அருகில் இருக்கும் தாளோடு பொருந்தாது. சுருக்காமல், வேண்டிய அளவுக்குச் செவ்வகம் வரைந்து அதில் க்ளிப் செய்யுங்கள். கத்தரிக்கோலால் வெட்டுவதும் அப்படித்தானே.

பொருளை இடவலமாகப் புரட்டும்போதும் கவனம். பொத்தானின் மினுக்கம் வரைபடத்திலேயே இடதுபுறம் இருக்கும். புரட்டினால் அதற்கு மட்டும் வேறு சூரியன் வந்துவிடும்.

புதுவிரல்
எல்லாம் குறித்துக்கொண்டேன். வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்குவதா, டெம்ப்ளேட்டா?

பழுப்புத்தாள்
டெம்ப்ளேட். ஐயமே வேண்டாம். ஒரே கிட், ஒரே டெம்ப்ளேட், அதில் ஐந்து பக்கம். இரண்டாம் பக்கத்தில் 90 டிகிரி திருப்புங்கள், மூன்றாவதில் புரட்டுங்கள், நான்காவதில் இரண்டு படக் கட்டங்களை ஒன்றாக்குங்கள். கிட் சேர்ப்பதே பொழுதுபோக்காகி, பக்கம் ஒன்றும் முடியாமல் வட்டு நிரம்பிவிடும் ஆபத்து இதில் உண்மையிலேயே உண்டு.

வண்ணக்கலவை
நான் மாறுபடுகிறேன். டெம்ப்ளேட்டிலேயே பழகினால் இடம் விடுவது கைக்கு வராது. முதல் இரண்டு பக்கம் டெம்ப்ளேட், மூன்றாவது வெறும் பக்கத்தில் ஒரே ஒரு படம் என்று முயலுங்கள். பெரிய படம் ஒன்று, அதன் பின்னால் சற்றே சாய்ந்த இரண்டு தாள், ஒரு மூலையில் மூன்று அல்லது ஐந்து பொருள்களின் கொத்து, தலைப்பு. மிச்சத்தைக் காலியாக விடுங்கள். கொத்தில் பெரியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, மீதி சிறியவை. அதில் இருக்கும் முக்கிய நிறத்தைப் பக்கத்தில் இன்னும் இரண்டு இடங்களில் சிறிதாக வையுங்கள். மூன்றும் முக்கோணமாக அமைந்தால் கண் படத்தைச் சுற்றியே நிற்கும். தாளின் நிறத்தைப் படத்திலிருந்தே ஐட்ராப்பரால் எடுங்கள், ஆனால் உடையின் பளிச் நிறத்தைப் பின்னணியாக்காதீர்கள். முகத்தோடு போட்டி போடும்.

நிழல்நேசன்
இருவர் சொல்வதும் சரி. முடிவெடுக்கத் தயங்குபவருக்குப் பாக்கெட் பாணி இன்னும் எளிது: பக்கத்தை 4×6, 3×4 அங்குலக் கட்டங்களாகப் பிரித்து, சிலவற்றில் படம், சிலவற்றில் குறிப்பு அட்டை.

மழைத்துளி27
தமிழில் குறிப்பு எழுதினால் 'கொ' உடைந்து, கொம்பு தனியாகப் புள்ளி வட்டத்தோடு நிற்கிறது. எழுத்துரு கோளாறா?

கத்தரிக்கோல்
பெரும்பாலும் எழுத்துரு அல்ல, மென்பொருளின் எழுத்து எஞ்சின். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் ப்ரிஃபரன்ஸ், டைப் பகுதிக்குப் போய் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்பதைத் தேர்ந்தெடுத்து மென்பொருளை மூடித் திறக்கவும். பிறகு புதிய எழுத்து லேயர் தொடங்கி, பாராகிராஃப் பலகையின் மெனுவில் 'வேர்ல்ட் ரெடி' காம்போசரை இயக்கவும். அப்படியும் உடைந்தால் கிம்ப் அல்லது இங்க்ஸ்கேப்பில் எழுதி, 300 பிபிஐ-யில் பின்னணியில்லாத பிஎன்ஜி ஆக எடுத்துக்கொண்டு வந்து வைக்கலாம். இவை இரண்டிலும் தமிழ் சரியாகச் சேரும்.

எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், கையெழுத்துச் சாயலுக்கு கவிவாணர், தடித்த தலைப்புக்கு பலூ தம்பி. மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. குறிப்பின் அளவு 12 பாயிண்ட், வரி இடைவெளி 145 விழுக்காடு. தமிழில் மேல் விலங்கும் கீழ் விலங்கும் இருப்பதால் ஆங்கிலத்துக்குப் போதும் இடைவெளி இங்கே முட்டும். 12 அங்குலப் பக்கத்தை 8 அங்குலமாக அச்சடித்தால் 12 பாயிண்ட் 8 ஆகிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். அப்படி அச்சடிப்பதாக இருந்தால் 15-க்குக் குறையாமல் வையுங்கள்.

குறிப்பு எழுதாத பக்கம் பாதிப் பக்கம். யார், எங்கே, எந்த ஆண்டு: இந்த மூன்றுமாவது இருக்கட்டும். இருபது ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு பூவும் ரிப்பனும் ஒரு பொருட்டல்ல.

பழுப்புத்தாள்
அச்சு பற்றி. அச்சகத்தின் வெட்டுக்கு ஒவ்வொரு ஓரத்திலும் 1/8 அங்குலம் போய்விடலாம். பின்னணித் தாளை அந்த அளவு வெளியே நீட்டுங்கள்: 12.25 அங்குலம், 3675 பிக்சல். எழுத்தும் முகமும் ஓரத்திலிருந்து அரை அங்குலம், அதாவது 150 பிக்சல் உள்ளே இருக்கட்டும். ஓரத்தில் மெல்லிய பார்டர் வைப்பது வேண்டாம். வெட்டு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் தெரியும். இரட்டைப் பக்கம் 7200×3600, நடு மடிப்பில் முகம் வரக்கூடாது.

நிற வெளி (கோப்பு நிறங்களைக் குறிக்கும் முறை) எஸ்ஆர்ஜிபி. அச்சகம் வேறு கேட்காதவரை சிஎம்ஒய்கே-வுக்கு (அச்சு மைகளின் நான்கு நிற முறை) நீங்கள் மாற்ற வேண்டியதில்லை. திரையில் பார்த்ததைவிட அச்சு இருட்டாக வந்தால், திரையின் வெளிச்சம் அதிகம் என்று பொருள். முழு ஆல்பத்துக்கு முன் ஒரே பக்கத்தை 8×8-ல் அச்சடித்துப் பாருங்கள், நிழல்களின் அடர்த்தியும் அதில் தெரிந்துவிடும்.

சேமிப்பில் மூன்று பிரதி: லேயர்களோடு பிஎஸ்டி, அச்சுக்கு உச்சத் தர ஜேபெக், இணையத்தில் போட 800 முதல் 1000 பிக்சல் ஜேபெக்.

வண்ணக்கலவை
அந்த இணையப் பிரதியைப் பற்றி ஒரு சொல். முழு அளவுப் பக்கத்தைப் பொதுவெளியில் போட்டால், வடிவமைப்பாளரின் பூவையும் தாளையும் பிறர் வெட்டி எடுக்க வழி செய்கிறோம். சிறிய பிரதியைப் போட்டு, கிட் செய்தவரின் பெயரையும் கீழே குறிப்பிடுங்கள். ஒவ்வொரு கிட்டிலும் 'டெர்ம்ஸ் ஆஃப் யூஸ்' கோப்பு இருக்கும், திறந்து படியுங்கள். தனிப்பட்ட பயன்பாட்டுக்கான கிட்டை நண்பருக்கு அனுப்புவதும், அதில் செய்த பக்கத்தை விற்பதும் பொதுவாக அனுமதி இல்லாதவை. பணம் வாங்கிப் பிறருக்குப் பக்கம் செய்து தருவதற்குத் தனி உரிமம் கேட்பார்கள். இலவசக் கிட்டுக்கும் இது பொருந்தும்.

புதுவிரல்
கிட்களை எப்படி அடுக்கி வைப்பது? கோப்புகளின் பெயரைப் பார்த்தால் எதுவும் புரியவில்லை.

நிழல்நேசன்
வடிவமைப்பாளர் பெயர், அதன் உள்ளே கிட் பெயர் என்று ஃபோல்டர் போதும். கோப்புப் பெயரை மாற்றாதீர்கள், பின்னால் யாருடையது என்று தெரியாமல் போகும். தேடுவதற்குக் குறிச்சொல் போடுங்கள். அதற்குப் படங்களை அடுக்கும் மென்பொருள்களில் டிஜிகேம் இலவசம், அடோபி பிரிட்ஜும் நல்லது. டிஜிகேமில் குறிச்சொல்லைக் கோப்புக்குள்ளேயே எழுதும் அமைப்பை இயக்கினால், நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் உழைப்பு வீணாகாது. தொடக்கத்தில் 'பூ', 'ரிப்பன்', 'சட்டகம்', 'ஆல்ஃபா' என்று பத்துச் சொல்லுக்கு மேல் வேண்டாம். பதிவிறக்கிய ஜிப் கோப்பை வெளிவட்டில் தனியாக வையுங்கள், சில கடைகள் குறிப்பிட்ட நாள்களுக்குப் பிறகு மறு பதிவிறக்கம் தருவதில்லை.

மழைத்துளி27
கடைசியாக ஒன்று. இணையப் பிரதிக்குச் சுருக்கியதும் நிழல் எல்லாம் தடித்துப் புகை போல ஆகிவிட்டது. 3600-ல் நன்றாக இருந்தது.

கத்தரிக்கோல்
'இமேஜ் சைஸ்' பெட்டியின் பல்சக்கரத்தில் 'ஸ்கேல் ஸ்டைல்ஸ்' அணைந்திருக்கிறது. பக்கம் நாலில் ஒரு பங்காகச் சுருங்க, 14 பிக்சல் நிழல் அப்படியே நிற்கிறது. அதை இயக்குங்கள். அதைவிடப் பத்திரமான வழி, பிஎஸ்டியைத் தொடாமல் அச்சு ஜேபெக்கைத் திறந்து அதைச் சுருக்குவது. சுருக்கிய பிறகு லேசாக ஷார்ப்பன் கொடுத்து வேறு பெயரில் சேமியுங்கள்.